அம்மாவின் தொடை எலும்புக்குள் 40 கிராம் சிமெண்ட்

மூன்று வாரம் என்று கிளம்பிய பயணம் ஆறு வாரமாகிவிட்டது. அம்மாவுக்கு 78 வயது. கொல்லையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஞாயிறு காலையில் ஆபரேஷனே முடிந்துவிட்டது. அந்த வேகத்தை நான் மறக்க மாட்டேன்.

"எலும்பு ரொம்ப மெலிசா இருக்கு சார், செயற்கை மூட்டோட உலோக ராடை சிமெண்ட் வெச்சுத்தான் எலும்புக்குள்ள நிறுத்தணும்" என்றார் டாக்டர். எனக்கு அடிவயிறு கலங்கியது. நான் ஜெர்மனியில் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) ஷீட் வார்க்கும் ஆலையில் வேலை பார்க்கிறேன். எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1950களின் கடைசியில் இங்கிலாந்தில் இடுப்பு மூட்டுக்குக் கொண்டுவந்த சிமெண்டும் அதே அக்ரிலிக் வகைதான். அதன் திரவம் இறுகும்போது கன அளவில் சுமார் 21 சதவீதம் சுருங்கும். ஆலையில், ஷீட் சுருங்கச் சுருங்க இரண்டு பக்கத்துக் கண்ணாடியும் சேர்ந்து நெருங்கி வரும்படி அச்சு அமைப்போம். எலும்புக்குள் எது நெருங்கி வரும்?

கேட்டே விட்டேன். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து, பழைய ஆபரேஷன் ஒன்றில் மிஞ்சி இறுகிய சிமெண்ட் உருண்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, விரல் அழுத்திய பள்ளங்களோடு இருந்தது.

"பவுடர் 40 கிராம், திரவம் 20 மில்லி. பவுடர் ஏற்கெனவே இறுகின பொருள், அது சுருங்காது. அதனால மொத்தச் சுருக்கம் ஆறு, ஏழு சதவீதம்தான். கிளவுஸ்ல ஒட்டாத பதம் வந்ததும் உள்ள செலுத்துவோம். எலும்புப் பக்கம் உடம்புச் சூடு, ராடு குளிர்ச்சி. அதனால எலும்பை ஒட்டித்தான் முதல்ல இறுகும். ராடு பக்கம் பொடிப்பொடியா காற்றுத் துளை விழும். அதைக் குறைக்க ராடைச் சூடு பண்ணி வைக்கிறவங்களும் இருக்காங்க."

சுருங்க வழியில்லாமல் பிடிபட்ட சிமெண்டுக்குள் இழுவிசை தங்கிவிடும். நோயாளி முதல் அடி வைக்கும் முன்பே மயிரிழை விரிசல்கள் விழுவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். அதையும் அவர் மறைக்கவில்லை. உடம்புச் சூட்டில் அக்ரிலிக் மெல்ல மெல்லத் தளர்ந்து கொடுக்கும், அந்த இழுவிசையில் ஒரு பங்கு தணிந்துவிடும் என்றார். எங்கள் ஷீட்டையும் சூடுகாட்டித்தான் தணிக்கிறோம். அதனால் மனசு ஒப்புக்கொண்டது. வெற்றிடத்தில் கலக்கினால் துளை குறைந்து வலு கூடும், ஆனால் ஈடுகட்டத் துளை இல்லாததால் சுருக்கம் முழுசாகத் தெரியும் என்று அவர் சொன்னது எனக்குப் புதுசு.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. டிஸ்சார்ஜ் சம்மரியில் "சிமெண்ட் வைத்துச் செய்யப்பட்டது" என்று ஒரே வரி. எந்தச் சிமெண்ட், எந்த பேட்ச், எந்த அளவு ராடு, எதுவும் இல்லை. பத்து வருஷம் கழித்து மூட்டு ஆட்டம் கண்டால் அடுத்த டாக்டர் எதைப் பார்ப்பார்? பில்லிங் கவுண்டரில் "அதெல்லாம் தர்றதில்லை சார்" என்றார்கள். மூன்று மாடி ஏறி இறங்கி, கடைசியில் தியேட்டர் சிஸ்டர்தான் கேஸ் ஷீட்டைத் தேடி, ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை நகலெடுத்துக் கொடுத்தார். ஆபரேஷனுக்கு முந்தின நாளே கேட்டு வையுங்கள்.

அம்மா இரண்டாம் நாள் வாக்கர் பிடித்து வராந்தா வரை நடந்தார். அந்த நகல் இப்போது அவருடைய ஆதார் கார்டு கவரில் இருக்கிறது.