பேஸ் கிட்டாருக்குக் கம்ப்ரஸர் வாங்கப் போகிறீர்களா? என் 11,500 ரூபாய் போன கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

நான் பாளையங்கோட்டைக்காரன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பேன். மற்ற நாட்களில் கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன் என்று மெல்லிசைக் குழுவோடு போவேன். என்னிடம் இருப்பது ஐந்து தந்தி பேஸ். "தம்பி, ஒரு நோட்டு இடிக்கிது, அடுத்த நோட்டக் காணோம்" என்று எங்கள் மிக்ஸர் அண்ணன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரிதான். விரல் அழுந்துகிற இடத்தில் சத்தத்தைப் பிடித்து இறக்கி, பிறகு மொத்தத்தையும் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதுதான் கம்ப்ரஸரின் வேலை. ரேஷியோ 4-க்கு 1 என்று வைத்தால், வரம்பைத் தாண்டி 4 டெசிபல் போகிற சத்தம் 1 டெசிபல்தான் தாண்டும். அதற்காகத்தான் ஏழு கச்சேரிச் சம்பளத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினேன்.

கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பழைய பெடல்களும், அதாவது காலால் மிதித்துப் போடுகிற எஃபெக்ட் பெட்டிகளும், விற்கிற இடம். மேலே 'பேஸ் கம்ப்ரஸர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய, இரண்டே நாப் உள்ள ஒரு பெட்டியை எடுத்து, கடையிலிருந்த நான்கு தந்தி பேஸில் கடைக்காரர் மாட்டிக் காட்டினார். காலால் மிதித்ததும் சத்தம் குப்பென்று எழுந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு கனம்!" என்றார். நானும் மயங்கிவிட்டேன்.

நான் ஏமாந்தது அந்த ஒரு நொடியில்தான். அவுட்புட் நாப்பை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். பெடலை அணைத்தால் சத்தம் குறையும், போட்டால் கூடும். ஒரே ஒலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டாலே நம் காதுக்கு அதுதான் நல்ல டோனாகத் தெரியும். நான் கேட்டது வால்யூம் கூடியதை. கம்ப்ரஷனை அங்கே நான் கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு கொடைக் கச்சேரி. முதல் பாட்டிலேயே மிக்ஸர் அண்ணன் கையைக் காட்டிவிட்டார். கீழ் பி தந்தியைத் தொட்டால் விரல் தட்டுகிற 'டக்' மட்டும் வந்தது, அடியில் இருக்க வேண்டிய கனம் இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் வேறு. இரண்டாவது பாட்டோடு பெடலைக் கழற்றி வைத்தேன். ட்ரம்ஸ் வாசிக்கிற தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஊரில் ஆம்ப் சர்வீஸ் செய்கிற அண்ணன் பெட்டியைத் திறந்தார். அதற்கு முன்பே ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தார். அடியில் வேறொரு பெயர், சாதாரண கிட்டார் கம்ப்ரஸருடையது. உள்ளே இருந்தது 1970-களில் வந்த எம்.எக்ஸ்.ஆர். டைனா காம்ப் வகை சர்க்யூட்டின் காப்பி. அந்த வகையில் சென்சிடிவிட்டி, அவுட்புட் என்று இரண்டே நாப்தான். ஒரிஜினலைக் குறை சொல்ல மாட்டேன், கிட்டாருக்கு அது அருமையான பொருள். ஆனால் கிட்டாரின் தாழ்ந்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ், பேஸின் ஈ 41, என் பி தந்தி 31. இந்தப் பெட்டியிலோ யாரோ ரிப்பேர் பார்த்துத் தப்பான மதிப்பில் கெபாசிட்டர் போட்டிருந்தார்கள். அடியில் இருக்க வேண்டிய தாழ்ந்த ஒலி மொத்தமும் அங்கேயே வடிந்துவிட்டது.

கடைக்குப் போன் செய்தேன். "யூஸ்டு பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதுங்க. பில்லப் பாருங்க" என்றார்கள். பார்த்தேன். 'எஃபெக்ட்ஸ் - 1' என்று மட்டும் இருந்தது. மாடல் பெயரும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை.

எனவே கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த பேஸைத் தூக்கிக்கொண்டு போங்கள், பஸ்ஸில் சிரமமாக இருந்தாலும் சரி. முதலில் பெடலைப் போட்டாலும் அணைத்தாலும் சத்தம் ஒரே அளவில் வரும்படி அவுட்புட்டை நீங்களே திருகி வையுங்கள். விற்பவர் கை அதில் படக் கூடாது. பிறகு இருப்பதிலேயே தாழ்ந்த தந்தியை அடித்து, அடங்கும்வரை விட்டுக் கேளுங்கள். பிடித்த சத்தத்தை எவ்வளவு சீக்கிரம் விட வேண்டும் என்று வைக்கிற ரிலீஸ் நாப் இருந்தால், ரொம்ப வேகமாக வைக்காதீர்கள். ஈ தந்தியின் ஓர் அலைக்கே சுமார் 24 மில்லி செகண்டு ஆகும். அதைவிட வேகமாகப் பிடித்துப் பிடித்து விட்டால் ஒலி கரகரக்கும். எவ்வளவு சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்று வைக்கிற அட்டாக்கையும் ஒரேயடியாக வேகமாக வைத்தால் விரல் அடியின் உயிர் போய்விடும். எத்தனை டெசிபல் இறங்குகிறது என்று காட்டும் விளக்கு வரிசை உள்ள பெடல் கிடைத்தால், கொஞ்சம் விலை கூட என்றாலும் புதிதாக வாங்குகிறவர்கள் அதையே எடுங்கள். பில்லில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் எழுதாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். ஸ்டிக்கரை உரிப்பதற்கு முன்னால் போட்டோ எடுக்காமல் விட்டுவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இதே மாதிரி கறுப்பு ஸ்டிக்கரில் வெள்ளை எழுத்து உள்ள பெட்டி உங்களிடமும் இருந்தால், முதலில் போட்டோ எடுத்துவிட்டு ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். அடியில் வேறு பெயர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.