கோஷ்டி மோதல் கேம் செய்ய ஓப்பன்போர் போதுமா?

ஆட்டக்காரர் வரிசையாக எல்லாரையும் அடித்துக்கொண்டே போனால் அது கோஷ்டி மோதல் கேம் ஆகாது. அவர் தெருவுக்குள் காலை வைக்கும்போதே அங்கே சண்டை நடந்துகொண்டிருக்க வேண்டும். சிவப்புச் சட்டைக்காரனும் நீலச் சட்டைக்காரனும் கட்டிப் புரள வேண்டும்; இவரைப் பார்த்ததும் இரண்டு பேரும் இவர் மேல் பாய வேண்டும். ஓப்பன்போரின் பலம் அங்கேதான் இருக்கிறது.

பக்கவாட்டில் நகரும் 2டி அடிதடி கேம்களுக்கென்றே உருவான இலவச, ஓப்பன் சோர்ஸ் எஞ்சின் இது. சினைல் டீமின் பீட்ஸ் ஆஃப் ரேஜ் கேமிலிருந்து வளர்ந்தது, உரிமம் கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி. நடப்பது, குதிப்பது, பிடித்து எறிவது, கீழே கிடக்கும் ஆயுதத்தை எடுப்பது, எதிரிகளின் ஏஐ, உயிர்ப் பட்டை எல்லாம் தயாராக இருக்கும். மவுசால் இழுத்துப் போட்டு வேலை செய்யும் எடிட்டர் கூடவே வராது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு எழுத வேண்டும்.

இரண்டு கோஷ்டிகளை மோதவிட, ஒன்றை ‘எனிமி’ வகையாகவும் மற்றதை ‘என்பிசி’ (ஆட்டக்காரர் இயக்காத பாத்திரம்) வகையாகவும் எழுதுங்கள். பிறகு ‘ஹாஸ்டைல்’, ‘கேன்டேமேஜ்’ என்று இரண்டு வரிகள். முதலாவது, யாரைத் தேடிப் போய்த் தாக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, இவன் அடி யார் மேல் படும் என்பதைச் சொல்கிறது. எனிமிக்கு இரண்டிலும் ‘பிளேயர் என்பிசி’. என்பிசிக்கு இரண்டிலும் ‘பிளேயர் எனிமி’. ஹாஸ்டைலை மட்டும் மாற்றிவிட்டு கேன்டேமேஜை மறந்தால் துரத்துவான், குத்துவான், எதிராளிக்கு ஒன்றும் ஆகாது. ஏஐ கெட்டுவிட்டது என்று தேட வேண்டாம், விடுபட்ட அந்த வரிதான் காரணம். தூக்கி எறியப்பட்ட உடல் யார் மேல் விழுந்து காயப்படுத்தும் என்பதை ‘புரொஜெக்டைல்ஹிட்’ தனியாக முடிவு செய்யும். அதையும் சேர்த்தால்தான் கூட்டத்துக்குள் ஆளை வீசுவதில் சுகம் இருக்கும்.

கோஷ்டி நிறத்துக்குப் புதிதாக வரைய வேண்டியதில்லை. 256 நிறத் தட்டை (பேலட்) வைத்து வரைந்த ஒரே உருவத்துக்கு மாற்றுத் தட்டுகள் கொடுத்துவிட்டு, லெவல் கோப்பில் ‘மேப் 1’, ‘மேப் 2’ என்று அழைத்தால் சட்டை மாறிவிடும். எல்லாப் படங்களும் ஒரே தட்டில், அதே வரிசையில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏதோ ஒரு படத்தை மட்டும் வரைபட மென்பொருள் தானாக நிறம் சுருக்கிச் சேமித்திருந்தால், குத்தும்போது மட்டும் முகம் பச்சையாகும். தட்டின் முதல் நிறம் ஒளி ஊடுருவும் பின்னணி. அதை உடம்பில் பயன்படுத்தினால் ஓட்டை விழும்.

அதிக நேரம் பிடிப்பது அனிமேஷன். ஒரு சாதாரணக் குத்துக்கு 3 படம் போதும்: கை ஓங்க டிலே 5, அடி விழ 4, கை திரும்ப 12. டிலே என்பது ஒரு படம் திரையில் நிற்கும் நேரம், எண் நொடியில் நூறில் ஒரு பங்கு. கடைசிப் படத்தைத் தாராளமாக விடுங்கள். காற்றில் குத்தியவன் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது. அடி படும் இடத்தைக் குறிக்கும் அட்டாக் வரியை ஒரு முறை எழுதினால் அடுத்தடுத்த படங்களுக்கும் தொடரும். மூன்றாவது படத்துக்கு முன் அதைப் பூஜ்ஜியமாக்காவிட்டால், கை மடங்கிய பிறகு பக்கத்தில் வருபவனும் அடிபடுவான். படத்தை நிறுத்தும் புள்ளியான ஆஃப்செட்டை எல்லாப் படங்களிலும் பாதம் தரையைத் தொடும் புள்ளியில் வையுங்கள். இரண்டு பிக்சல் தவறினாலும் ஆள் நின்ற இடத்திலேயே துள்ளுவான்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வரலாம் என்று சொல்லும் ‘குரூப்’, எல்லாரும் விழும்வரை திரையை நிறுத்தும் ‘வெயிட்’ இரண்டும் உண்டு. ஆனால் அவை எனிமி வகையை மட்டுமே எண்ணுகின்றன. சிவப்புக் கோஷ்டி முழுவதும் விழுந்ததும் திரை நகரத் தொடங்கும், என்பிசியான நீலக் கோஷ்டி இன்னும் நின்று சண்டை போட்டாலும்! இதைத் தடுக்க ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதித்தான் ஆக வேண்டும். ஸ்கிரிப்ட் சி மொழிச் சாயலில் இருப்பதால் கற்பது பெரிய பாடில்லை.

உண்மையான குறை வேறு. எந்தத் தெரு யார் கையில் என்று கேம் நினைவில் வைக்க வேண்டுமென்றால், எஞ்சின் அதற்கென்று எதுவும் தராது. எல்லா லெவல்களுக்கும் பொதுவான குளோபல் வேரியபிளில் வைத்து, கேமை மூடும் முன் கோப்பில் எழுதி, திறக்கும்போது படித்து, லெவல் வரிசையைக் கிளை பிரிக்கும் பிராஞ்ச் மூலம் லெவல்களை மாற்றிப் போட வேண்டும். செய்துவிடலாம், ஆனால் கேமின் பாதி உழைப்பை இதுவே விழுங்கும். ஒரே திரையில் 4 பேர் வரை ஆடலாம். இணையவழி ஆட்டம் எஞ்சினுக்குள் கிடையாது. பிரதேசம் பிடிக்கும் உத்திதான் உங்கள் கனவின் மையம் என்றால் பொதுவான எஞ்சினுக்குப் போவதே மேல். அடிதடிதான் மையம் என்றால் இதைவிட விரைவாக முதல் தெருவை எழுப்பித் தரும் கருவியைச் சொல்வது கடினம்.

ஆள் பட்டியலில் எல்லாரையும், தொடக்கத்திலேயே ஏற்றச் சொல்லும் ‘லோட்’ (load) என்று எழுதாதீர்கள். ‘நோ’ (know) என்று எழுதினால் தேவைப்படும்போது மட்டும் ஏறும், தொடக்கம் இழுக்காது. கேம் சட்டென்று மூடிக்கொண்டால் லாக்ஸ் கோப்புறையில் உள்ள லாக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் தவறான படப் பெயர் ஒன்று அங்கே இருக்கும். முதல் நாளிலேயே எஞ்சினின் ஒரு பில்டை (பதிப்பை)த் தேர்ந்தெடுத்து, கேம் முடியும்வரை அதிலேயே இருங்கள். நடுவில் தாவினால் ஸ்கிரிப்ட்கள் உடையும்.