ஒரே ஆண்டு, இருவகைச் சங்கடம்: ‘சைக்கோ’வும் ‘பீப்பிங் டாமு’ம்

1960இல் சில மாத இடைவெளியில் வெளிவந்த இவ்விரு படங்களும் பார்வையாளரைக் கொலையாளியின் அருகே நிறுத்துகின்றன. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ அதைத் தந்திரமாகச் செய்கிறது; மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’ ஒளிவுமறைவின்றிச் செய்கிறது.

‘சைக்கோ’ என்றதும், நாயகி குத்திக் கொல்லப்படும் குளியலறைக் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னை அதைவிடச் சங்கடப்படுத்துவது சதுப்பு நிலக் காட்சியே. அவளுடைய பிணத்தோடு சேற்றில் அமிழும் கார் முழுதும் மறைவதற்கு முன் சற்றே நின்றுவிட, அதைத் தள்ளிவிட்ட விடுதிக்காரன் நார்மன் பதறுகிறான். அது மூழ்கிவிட வேண்டுமே என்று நாமும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம் என்பது, கார் மூழ்கிய பிறகுதான் உறைக்கிறது. ஆயினும் முடிவில் ஒரு மனநல மருத்துவர் வந்து யாவற்றையும் விளக்கி (அந்தச் சொற்பொழிவு தேவையே இல்லை) நம் பாரத்தை இறக்கி வைத்துவிடுகிறார்.

‘பீப்பிங் டாம்’ அந்த ஆறுதலைத் தருவதில்லை. முதல் கொலையையே கொலையாளியின் கேமரா வழியாகக் காண்கிறோம். கேமராவைத் தாங்கும் முக்காலியின் ஒரு காலில் கத்தி. சாகும் பெண் தன் அச்சத்தைத் தானே காணும்படி ஒரு கண்ணாடி. பிறகு அவன் அப்படச்சுருளைத் தனியறையில் ஓட்டிப் பார்க்கும்போது, இருட்டில் அமர்ந்து பார்க்கும் நமக்கும் அவனுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ‘சைக்கோ’ வசூலில் பெருவெற்றி பெற, பிரிட்டிஷ் விமர்சகர்களின் சீற்றத்தால் பவலின் திரைவாழ்க்கை அங்கே ஏறக்குறைய முடங்கிப்போனது.

சங்கடத்தின் ஆழத்தில் என் தேர்வு பவலின் படமே. கொலையாளி சிறுவனாக இருந்தபோது அவனது அச்சத்தைப் படம்பிடிக்கும் கொடிய தந்தையாக அதில் தோன்றுபவர் பவல். அச்சிறுவனாக நடித்தது அவருடைய சொந்த மகன்.