கூடாரம் நல்லது, கதவு மோசம்

என்னுடையது விலை குறைந்த இரண்டாள் கூடாரம். உள்ளே வலை, மேலே மழைவிரிப்பு, இரண்டு ஃபைபர் கிளாஸ் கம்புகள். வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. "அதையே நானும் வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கதவு ஜிப்பின் ரன்னரை (இழுத்தால் பற்களைச் சேர்த்து மூடும் சின்னத் துண்டு) மாற்றித் தைத்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மழையை நன்றாகத் தாங்குகிறது. 1500 மி.மீ. என்று போட்டிருந்தார்கள்; அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்தும் வரை துணி கசியாது என்று பொருள். விடிய விடியப் பெய்த மழையிலும் தையல் வழியே ஒரு சொட்டு இறங்கவில்லை. காலையில் உள்ளே தெரியும் ஈரம், நம் மூச்சின் ஆவி குளிர்ந்த துணியில் படிவது. மழைவிரிப்பை உள்வலையில் ஒட்டாமல் இழுத்துக் கட்டி, காற்றுத் துளைகளைத் திறந்துவைத்தால் நன்றாகவே குறையும். ஈரத்தோடு மடித்து வைத்தால், துணியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பாலியூரிதேன் பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். நாங்கள் போவது பக்கத்து இடங்கள் என்பதால், திரும்பிய அன்றே விரித்துக் காயப்போட்டுவிடுகிறோம். பூச்சு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஆனால் அந்தக் கதவு!

தொலைதூரப் பயணம் என்றால் எப்போதோ ஒருமுறை. பக்கத்தில் ஓரிரவு தங்குவதற்குப் பெரிய செலவில்லை, நினைத்தால் கிளம்பிவிடலாம். அதனால் கூடாரத்துக்கு வேலை அதிகம், கதவுக்கு இன்னும் அதிகம். செருப்பு எடுக்க, டார்ச் எடுக்க, பிள்ளைகள் ஓடி ஓடி உள்ளே வர என்று திறந்து மூடிக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு முறையும் வாசல் மண் ஜிப்பில் ஏறி, ரன்னரின் உள்பக்கத்தை அரம் போல அராவுகிறது. தேய்ந்த ரன்னரால் பற்களை அழுத்திச் சேர்க்க முடியாது. அது பாட்டுக்கு ஓடும், பின்னாலேயே பற்கள் பிரிந்துகொண்டு வரும். கதவு வளையும் இடத்தில் இன்னொரு வம்பு: ஜிப்பை மறைக்கும் மெல்லிய துணி மடிந்து ரன்னருக்குள் சிக்கிக்கொள்ளும். காதருகே கொசு ரீங்கரிக்க, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் துணியை இழுத்துப் பிடித்து மறுகையால் ரன்னரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் துணி கிழியும்.

குறடால் ரன்னரின் இரு ஓரங்களையும் லேசாக அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும். அதிகம் அழுத்தினால் உடைந்துவிடும். நிலையான வழி புது ரன்னர்தான். பெரும்பாலும் பழையதன் முதுகில் 5, 8, 10 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அதே எண்ணில், அதே பல் வகைக்கு வாங்க வேண்டும். முனைத் தையலை ஒரு விரல் நீளம் பிரித்து, பழையதைக் கழற்றி, புதியதில் இரண்டு பக்கப் பற்களையும் சமமாக நுழைத்துத் தைத்தால் முடிந்தது. ரன்னரின் விலை அற்பம். எனக்குக் கோபமே அதில்தான். இவ்வளவு நல்ல துணியும் தையலும் போட்டவர்கள் இதில் போய் மிச்சம் பிடிக்கலாமா?

விளம்பரத்தில் மழைக் கணக்கைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஜிப்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. பக்கத்தில் போய் வருகிறவருக்கு மழை பெரிய விஷயமே இல்லை. வானம் கறுத்தால் அடுத்த வாரம் போகலாம், நடுராத்திரியில் கொட்டினால் கிளம்பி வீட்டுக்கு வந்துவிடலாம். கதவு எல்லா இரவும் மூடியாக வேண்டும்.

ஆகவே நண்பரே, இதை வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் முதலில் அதைக் கட்டவைத்து, கதவை வளைவு தாண்டி ஒரே கையால் மூடிப் பாருங்கள். சிக்கினால் அந்தக் கூடாரமே வேண்டாம். என்னுடையதை நான் கொடுக்கப்போவதில்லை. புது ரன்னர் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, இந்த வாரக் கடைசிக்கு மூட்டை கட்டியாயிற்று. அடுத்த வாரம் இரவல் வேண்டுமானால் எடுத்துப் போங்கள். மடிக்கும்முன் மட்டும் ஜிப்பில் இருக்கும் மண்ணைப் பழைய டூத்பிரஷால் தட்டிவிடுங்கள்.