அரிய குடும்பப் பெயரைத் தேடித் தரும் இணையச் சேவைகள்: வன்னி ஆட்களுக்கு எவ்வளவு உதவும்?

ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் பிறந்த, இலங்கை வடக்கின் வன்னிப் பகுதிப் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்தில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று: "உன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது?" பிள்ளை இணையத்தில் பெயரைத் தட்டுகிறது. ஒரு உலகப் படம், சில நாடுகளில் நிறம், ஒரு தரவரிசை எண், "மிக அரிய பெயர்" என்ற குறிப்பு. பெற்றோரும் அதைப் பார்த்து நம்பிவிடுகிறார்கள். அந்தச் சேவைகளை வன்னியிலிருந்து போனவர்களின் தேவையை மனதில் வைத்து இங்கே மதிப்பிடுகிறோம். முடிவை முதலே சொல்லிவிடலாம்: எங்கள் ஆட்கள் எந்தெந்த நாட்டில் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதை இவை ஓரளவு காட்டும். அந்தப் பெயரின் மூலத்தை அறிய ஊர்ப் பிரதேச செயலகத்துக்குத்தான் போகவேண்டும்.

அதிகம் பேர் பயன்படுத்தும் தளம் ஃபோர்பேர்ஸ். காசு கட்டத் தேவையில்லை. பெயரைக் கொடுத்தால் எந்த நாட்டில் ஏறத்தாழ எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஒருவர், அந்த நாட்டில் எத்தனையாவது இடம் என்று காட்டும். 400 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைத் திரட்டியிருப்பதாகத் தளம் சொல்கிறது. பெரும்பாலான எண்கள் 2014ஆம் ஆண்டுக்கான மதிப்பீடுகள். தலையெண்ணிக் கணக்கெடுத்தவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1880களின் அமெரிக்க, பிரித்தானியக் கணக்கெடுப்புகளையும் சேர்த்துக் காட்டும்; ஐரோப்பியப் பெயருக்கு அது தங்கம், எங்களுக்கு வெறும் பூச்சியம். பெயரின் பொருள் என்ற பகுதியில் வாசகர்கள் எழுதி அனுப்பியவையும் இருக்கும். அதைப் பிள்ளையின் பள்ளிக்கூட வேலைக்கு அப்படியே எடுத்து எழுதக் கொடுக்காதீர்கள்.

சிக்கலின் வேர் எங்கள் பெயரிடும் முறையில் இருக்கிறது. தளம் எண்ணுவது தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் பெயரை. முள்ளியவளையிலோ நெடுங்கேணியிலோ ஒருவருக்கு இருப்பது தகப்பனின் பெயரும் தன் பெயரும். அவருடைய பிள்ளைக்கு அவர் பெயரே முன்னுக்கு வரும், அப்பப்பாவின் பெயர் கழன்றுவிடும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பவேண்டி வரும்போது தகப்பனின் பெயர் அதற்குள் போகிறது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அந்நாட்டுச் சட்டப்படி அதே பெயர் தொடர்ந்தால், 1940களில் பிறந்த ஒரு தனி மனிதனின் பெயர் அங்கே உறைந்து குடும்பப் பெயராகிவிடுகிறது. ஆகவே வன்னிப் பெயர் ஒன்றுக்கு "உலகில் மிகச் சிலரே" என்று வந்தால், பெரும்பாலும் அது ஒரே பாட்டனின் மக்களும் பேரப்பிள்ளைகளும்தான். அரிய குலம் ஒன்றின் எச்சம் என்று எண்ணி மயங்க இடமில்லை. மறுபக்கத்தில், ஒரே பெயருடைய இரு குடும்பங்களுக்கு எந்த உறவும் இல்லாமலும் போகும். சகோதரர் இருவரில் ஒருவர் தகப்பன் பெயரையும் மற்றவர் தன் சொந்தப் பெயரையும் குடும்பப் பெயராகப் பதிந்திருந்தால், ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பெயர்களாகப் படத்தில் பிரிந்து நிற்பார்கள். கலியாணம் முடித்த பெண்களின் நிலை இன்னும் குழப்பம்: கணவனின் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்தவரும் உண்டு, தகப்பனின் பெயரோடே இருந்தவரும் உண்டு.

அடுத்த குழப்பம் ஆங்கில எழுத்துக்கூட்டல். வன்னியசிங்கம் என்ற பெயரை எடுங்கள். முதலெழுத்து 'வீ' அல்லது 'டபிள்யூ'. நடுவில் 'என்' ஒன்றா இரண்டா. "னிய" என்பதை ஐ-ஏ, ஐ-வை-ஏ, வை-ஏ என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். "சிங்கம்" என்பதில் 'ஜீ', 'ஜீ-எச்', 'கே' என மூன்று. பெருக்கினால் 36. இந்த 36ஐயும் தளம் தனித்தனிப் பெயராகவே எண்ணும். ஒத்த பெயர்கள் என்று கீழே ஒரு பட்டியல் தருமே தவிர, கூட்டிச் சொல்லாது. ஒன்றை மட்டும் தேடிவிட்டு "அரிய பெயர்" என்று முடிவெடுப்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். தேடுமுன் ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் எழுதி, ஒவ்வொன்றாகத் தட்டி, நாடுவாரியாகக் கூட்டுங்கள். அரை நாள் வேலை. தளத்தை ஒழுங்காகப் பயன்படுத்த இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

தோற்றம் என்று வரும்போது "வன்னி" என்ற சொல்லே தேடுபவரை வழிதவற வைக்கும். தமிழ்நாட்டு வன்னியர் சமூகம், நுவரகலாவிய, குருநாகல் பக்கத்துச் சிங்கள வன்னியிலிருந்து வந்த வன்னிநாயக்க, வன்னிஆராச்சி போன்ற பெயர்கள், எங்கள் பக்கத்து வன்னியசிங்கங்கள் எல்லாம் தேடல் முடிவில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். எழுத்து ஒத்திருப்பதை வைத்து உறவு பேச முடியாது. எங்கள் வன்னியில் வன்னியன் என்பது பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று, தென்னமரவாடி போன்ற பற்றுக்களை, அதாவது ஆட்சிப் பிரிவுகளை, ஆண்டவர்களின் பதவிப் பெயர். ஒல்லாந்தருக்குத் திறை கொடுக்க மறுத்த கயிலாய வன்னியனுக்கும், 1803 ஓகஸ்ட்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்ட பண்டாரவன்னியனுக்கும் அது அந்தப் பொருளில்தான் ஒட்டியது. இன்று ஒருவருக்கு அந்தப் பெயர் இருப்பது, பெரும்பாலும் ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு மாவீரனின் நினைவாக வைத்ததால்.

மாப்பாணர் என்ற பட்டம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. ஒல்லாந்தர் கால வன்னித் தலைவர்களின் பெயர்களில் "நல்ல மாப்பாண வன்னியன்" என்று வருகிறது. யாழ்ப்பாணத்தில் 1734இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை மீள அமைத்தவர் இரகுநாத மாப்பாண முதலியார். அந்தப் பட்டம் கோயில் அதிகாரிகளின் வழியில் இன்றும் தொடர்கிறது. இரண்டு இடத்தில், இரண்டு பொறுப்பில் ஒரே பட்டம். பெயர்ப் படத்தில் இரண்டும் ஒரே புள்ளி. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு "நாங்கள் அந்த வழி" என்று சொல்ல எந்தத் தளமும் ஆதாரம் தராது.

குடித்தொகை விடயத்திலும் தளங்களுக்குக் கீழே உறுதியான நிலம் கிடையாது. வன்னியில் 1981க்குப் பிறகு முழுமையான குடிசனக் கணக்கெடுப்பு நடந்தது 2012இல். 2001 கணக்கெடுப்பு வடக்கின் பெரும்பகுதியைத் தொடவே இல்லை. 2012இல் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 4 இலட்சத்து 75 ஆயிரம் பேர். முல்லைத்தீவில் மட்டும் சுமார் 92,000. அந்தச் சனமும் ஒரே அடுக்கு அல்ல. குமுழமுனை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான் போன்ற பழைய ஊர்கள் ஒரு பக்கம். 1902இல் தொடங்கி 1920இல் முடிந்த இரணைமடுக் குளத்தை நம்பிப் பின்னர் உருவான குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். 1977 கலவரத்துக்குப் பின் வந்த மலையகக் குடும்பங்களின் பெயர்த்தடம் தோட்டங்கள் வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போகும். மன்னார் முஸ்லிம்களின் பெயர்கள் 1990 வெளியேற்றத்தால் புத்தளத்தில் குவிந்திருக்கும். ஒரு பெயர் கிளிநொச்சியில் இருக்கிறது என்று படம் சொன்னால், எந்த அடுக்கு என்ற கேள்விக்குப் பதில் அதில் இல்லை.

மன்னார்க் கத்தோலிக்கர் மட்டும் விதிவிலக்கு. குரூஸ், லெம்பேட் போன்ற பெயர்கள் தலைமுறை தாண்டி மாறாமல் வருவதால் இந்தத் தளங்கள் அவர்களுக்கு உண்மையாகவே பயன்படும். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்தால் நல்ல பலன்.

தனியார் தளங்களை விட அரச புள்ளிவிபரத் தேடல்களை நாங்கள் உயர்வாக மதிப்பிடுகிறோம். நோர்வே புள்ளிவிபர நிறுவனத்தின் பெயர்த் தேடலும், சுவிஸ் கூட்டாட்சிப் புள்ளிவிபர அலுவலகம் வெளியிடும் குடும்பப் பெயர்த் தரவும் குடிசனப் பதிவேட்டிலிருந்து வருபவை; சுவிஸ் தரவை அஞ்சல் குறியீடு வரை இறங்கிப் பார்க்கலாம். பிரான்சின் அரச புள்ளிவிபர நிறுவனமான இன்சேயின் கோப்பு 1891 முதல் 2000 வரை அந்நாட்டில் பிறந்தவர்களை மட்டும் எண்ணுகிறது. அகதியாகப் போன முதல் தலைமுறை அதில் இருக்காது, அங்கே பிறந்த பிள்ளைகள்தான் இருப்பார்கள். அமெரிக்கா 2010 கணக்கெடுப்பில் 100 பேருக்குக் குறையாத பெயர்களை மட்டுமே வெளியிட்டது. அதில் பெயர் இல்லை என்றால் அந்நாட்டில் எவரும் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

வம்சாவளி தேடும் தளமான ஃபமிலிசேர்ச் இலவசம், கணக்குத் திறந்தால் போதும். அதிலுள்ள பொதுக் குடும்ப மரத்தை எவரும் திருத்தலாம் என்பதால், ஆவணப் படம் இணைக்காத எந்த இணைப்பையும் நம்பவேண்டாம்.

டிஎன்ஏ சோதனைப் பெட்டிக்குக் காசு செலவழிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். தகப்பன் வழியை மட்டும் தொடரும் 'வை' குரோமோசோம் சோதனை ஐரோப்பாவில் குடும்பப் பெயரோடு ஒத்துப்போகும். எங்களில் தலைமுறைக்கு ஒரு பெயர் என்பதால் பொருந்தி வருபவரின் பெயரைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. தாய், தகப்பன் இரு வழியையும் பார்க்கும் பொதுச் சோதனையில் வேறு சிக்கல். மச்சான் முறைக் கலியாணம் பல தலைமுறையாக நடந்த ஊர்களில் எல்லோருக்கும் எல்லோரோடும் பொதுவான டிஎன்ஏ பங்கு கூடுதலாக இருக்கும். ஒருவரின் தாயோ தகப்பனோ மற்றவரின் தாய்க்கோ தகப்பனுக்கோ உடன்பிறந்தவராக இருந்தால், அந்த இருவருக்கு இடையில் வழக்கமான பங்கு சராசரி 12.5 வீதம். எங்கள் ஊர்களில் தூரத்து உறவும் கிட்டத்து உறவு போலக் காட்டும், மென்பொருள் தவறாக ஊகிக்கும். தரவுப் பாதுகாப்பையும் பாருங்கள்: டிஎன்ஏ சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 இலட்சம் பேரின் விபரங்கள் கசிந்தன, 2025 மார்ச்சில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பெயரின் மூலம் தேடுவதற்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

உண்மையான பலன் தருவது பிறப்புப் பதிவுதான். இலங்கையில் பதிவு 1867இல் தொடங்கி 1897இல் கட்டாயமானது. பிற்காலப் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் முழுப்பெயர், பிறந்த திகதி, இடம் என்பவற்றோடு பாட்டனாரின் பெயருக்கும் பிறந்த ஆண்டுக்கும் இடத்துக்கும் ஒரு கூடு (நிரப்பும் கட்டம்) உண்டு. இதைக் கவனிப்பவர்கள் குறைவு. உங்கள் சான்றிதழில் அப்பாவும் அப்பப்பாவும். அப்பாவின் சான்றிதழில் பூட்டன், அதாவது அப்பப்பாவின் தகப்பன். அப்பப்பாவின் பதிவு கிடைத்து அந்தக் கூடும் நிரப்பப்பட்டிருந்தால் பூட்டனின் தகப்பன். மூன்று தாளில் ஐந்து தலைமுறை, ஊர்ப் பெயரோடு. பழைய படிவங்களில் அந்தக் கூடு இல்லாமலும், இருந்தும் வெறுமையாகவும் இருக்கும். அப்போது விவாகப் பதிவைக் கேளுங்கள், அதில் இரு தரப்புத் தகப்பன்மாரின் பெயரும் இருக்கும்.

பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கும்போது பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலையும் சுலபம், கட்டணமும் குறைவு. தெரியாவிட்டால் பதிவேட்டைத் தேடவேண்டும், அதற்குப் பிறந்த ஆண்டைக் கிட்டத்தட்டச் சரியாகக் கொடுக்கவேண்டும். பெயரைப் பதிவில் எப்படி எழுதியிருப்பார்களோ அப்படியே தமிழில் எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டால் "பதிவு இல்லை" என்ற பதில்தான் வரும்.

எங்கே கேட்பது என்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைத்தார்கள். கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. ஆகவே 1950இல் உருத்திரபுரத்தில் பிறந்தவரின் பழைய தாளில் மாவட்டம் யாழ்ப்பாணம் என்றே இருக்கும். தென்னமரவாடி திருகோணமலை மாவட்டம். 1984இல் இடம்பெயர்ந்து முல்லைத்தீவில் வாழ்ந்த அந்த ஊர்க் குடும்பங்கள் முல்லைத்தீவில் தேடி ஏமாறுவது இதனால்தான். போரில் ஒரு அலுவலகத்தின் ஏடு அழிந்திருந்தாலும் கையை விடவேண்டாம். மூலப்பிரதியும் இணைப்பிரதியும் ஒரே இடத்தில் வைக்கப்படுவதில்லை, பதிவாளர் நாயகம் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பங்களுக்கு இன்னொரு நல்ல ஆவணம் இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கிய அனுமதிப்பத்திரம். அதில் காணி பெற்றவரின் பெயரும், அவர் பின்னுரித்துக்கு நியமித்தவரின் பெயரும் உறவுமுறையும் இருக்கும். வீட்டுப் பிரதி தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கோவை (ஆவணக் கட்டு) இருக்கிறதா என்று கேளுங்கள். காணித் துண்டு இலக்கமும் குடியேற்றத் திட்டத்தின் பெயரும் கையில் இருக்கட்டும். வெறும் பெயரைச் சொன்னால் கோவையைத் தேடி எடுப்பது கடினம்.