காரவன் இழுத்த ஆறு வருடம்: பின்னால் வருபவரின் கோபம் நியாயமா?

ஆறு வருடமாகக் காருக்குப் பின்னால் காரவனை, அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள சக்கர வீட்டை, கட்டி இழுத்து வருகிறேன். ஒற்றை அச்சு, நான்கு பேர் படுக்கலாம், சாமான் எல்லாம் ஏற்றினால் 1,300 கிலோ. இழுக்கும் கார் 1,600 கிலோ. உள்ளே படுக்கை எப்படி, அடுப்பு எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சாலையில் மற்றவர்கள் நம்மைப் பார்க்கும் பார்வையைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன். வாங்குவதற்கு முன் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

லாரிக்குப் பின்னால் பொறுமையாக வருபவருக்குக்கூடக் காரவனைக் கண்டால் முகம் சுருங்கிவிடுகிறது. லாரி பிழைப்புக்கு ஓடுகிறது, இவர் ஊர் சுற்றப் போகிறார், இவருக்காக நான் ஏன் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். முதல் வருடம் ஒவ்வொரு ஹாரன் சத்தமும் மனதை உறுத்தியது. மெதுவாகப் போவது நம் இஷ்டம் இல்லையே, பல நாடுகளில் சட்டமே அப்படித்தான். பிரிட்டனில் மற்ற கார்கள் 60 மைல் வேகத்தில் போகக்கூடிய, நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் காரவன் இழுக்கும் கார் 50 மைலைத் தாண்டக் கூடாது. மோட்டார்வே என்ற அதிவேகச் சாலையில் 70க்குப் பதில் 60. ஜெர்மனியில் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அதற்கென்று அனுமதி பெற்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி மட்டும் அங்குள்ள அதிவேகச் சாலையான ஆட்டோபானில் 100 வரை போகலாம்.

இந்த வரம்பு எதற்கு என்று இரண்டாவது வருடம்தான் எனக்கு உறைத்தது. நீண்ட இறக்கம், 90 கிலோமீட்டர் வேகம். காரவனின் பின்பக்கம் இரண்டு சைக்கிள், பின்பெட்டியில் கூடாரத் துணியும் கம்பிகளும். பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டியது. அதன் முன்காற்று முதலில் எங்களை வெளியே தள்ளியது, தாண்டும்போது உள்ளே இழுத்தது. ஒரு பக்க மிரரில் காரவனின் பக்கச் சுவர் முழுசாகத் தெரிந்தது. அடுத்த நொடி அது மறைந்து மறுபக்க மிரரில் தெரிந்தது. கார் பின்னாலிருந்து யாரோ பிடித்து உலுக்குவது போல ஆடியது. கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாறு ஆட்டத்தில் அடங்கியது. ஓரங்கட்டி இறங்கியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

தப்பு என்னுடையதுதான்: பின்பக்கம் கனத்தை ஏற்றி, முன்பக்கத்தை இலேசாக்கியிருந்தேன். குளியலறை எடை மெஷினை இணைப்புத் தலைக்குக் கீழே ஒரு மரக்கட்டையோடு வைத்துப் பார்த்தேன்: 40 கிலோ. மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் மூக்கில், அதாவது அந்த இணைப்புத் தலையில், இறங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. என் வண்டிக்கு 65 முதல் 90 கிலோ. கனமான எல்லாவற்றையும் அச்சுக்கு மேலே தரையில் மாற்றினேன், சைக்கிள்களைக் கார் கூரைக்கு ஏற்றினேன். இப்போது 80 கிலோ. காரின் கொக்கி தாங்கும் அளவுக்குள் அது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து ஒருமுறைகூட வால் ஆடியதில்லை.

சரி, பின்னால் வருபவர் பக்கத்துக்கு வருகிறேன். என் காரவன் 2.3 மீட்டர் அகலம். அவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு வெள்ளைச் சுவர். எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க நடுக்கோட்டுக்கு வருவார், ஒதுங்குவார், மறுபடி வருவார். அவருடைய ஹெட்லைட் என் மிரரில் தோன்றித் தோன்றி மறையும். அந்த ஹெட்லைட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று புரிந்தது: நம் வேகத்தை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், தங்களை நாம் கவனிக்கவே இல்லை என்பதைத்தான் பொறுக்க முடிவதில்லை. காரவனைத் தாண்டிப் பின்னால் பார்க்க உதவும் நீட்டு மிரர் மாட்டாமல் இழுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கே கோபம் வருகிறது. பின்னால் யார் இருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இப்போது பின்னால் மூன்று கார் சேர்ந்தால் அகலமான இடம் தேடி ஒதுங்கிவிடுகிறேன். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூலும் மெதுவாகப் போகும் வண்டிகளுக்கு இதைத்தான் சொல்கிறது. ஒரு தடவை ஒதுங்கினால் ஒரு நிமிஷம் போகும், அவ்வளவுதான். மலைப்பாதையில் ஒருமுறை ஒன்பது கார் தாண்டிப் போயின. ஆறு பேர் கை தூக்கினார்கள்.

மற்ற ஓட்டுநர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எனக்கு முன்னால் விட்டிருக்கும் இடைவெளியில் நுழைந்துவிட்டுப் பிரேக் போடாதீர்கள். நான் பிரேக் போட்டு, காரவன் கொக்கியை முன்னால் தள்ளினால்தான் அதன் பிரேக் பிடிக்கும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் 1,300 கிலோவும் என் முதுகில் வந்து விழும்.

அப்புறம் டயர். காரவன் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். ஐந்து வருடத்தில் மாற்றுங்கள், ஏழு வருடத்தைத் தாண்டவே கூடாது என்பார்கள். நடுவழியில் ஒன்று வெடித்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். என்னுடையவை புதிது போலத்தான் இருந்தன. பக்கவாட்டில் இருந்த தயாரிப்புத் தேதி எண்ணைப் பார்த்தால் ஆறு வருடம் முடிந்திருந்தது. போன மாதம் இரண்டையும் மாற்றினேன். 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனரால் வீல் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒன்று மட்டும் கால் சுற்று திரும்பியது.