மேட்டில் மட்டும் வந்த நடுக்கம்: 15 வருட வண்டியோடு ஓர் அலைச்சல்

எங்கள் வீட்டு வண்டி 2009-இல் வாங்கியது. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, ஐந்து கியர், பின்சக்கரத்துக்கு இழுவை. மீட்டரில் இப்போது 2,31,000 கிலோமீட்டர். கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகும் கோளாறில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. டெலிவரி எடுத்தது அந்த வருடம் நவம்பரில். நீலகிரியே சரிந்து கிடந்த மழை அது. மேலே கொண்டுவர வழியில்லாமல் புது வண்டியை மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு நிறுத்தி வைத்திருந்தோம். கோத்தகிரி ரோடு திறந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தது.

ஓட்டுவது நான். என் வீட்டுக்காரரிடம் லைசென்ஸ் இருக்கிறது, மலையில் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். ஆனாலும் ஒர்க்‌ஷாப்பில் நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும். பழகிவிட்டது.

நடுக்கத்தை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, பெரியம்மா. 2022 ஆகஸ்டில் கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ஏழு பேரும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி மேடு ஏறும்போது கடைசி சீட்டிலிருந்து குரல்: "என்ன கண்ணு, காலுக்கடியில அரவை மில்லு ஓடற மாதிரி கிடுகிடுங்குது?" எனக்கு ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. ரோடு சரியில்லைங்க பெரியம்மா என்றேன். "காலையில இறங்கறப்பவும் இதே ரோடுதானே? அப்ப இல்லியே" என்றார். காதில் வாங்கினேன், யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒன்றரை வருட அலைச்சலும் கொஞ்சம் பணமும் மிச்சம்.

நடுக்கம் என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது சக்கரத்தில். நானும் அப்படித்தான். காரமடை தாண்டி 80-ஐத் தொட்டால் ஸ்டியரிங் லேசாக ஆடும் என்பது எனக்கும் தெரியும். மலையில் 40-ஐத் தாண்டுவதே அபூர்வம் என்பதால் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன். மேட்டுப்பாளையத்தில் சக்கரத்தைக் கழற்றினால் ரிம்மின் உள்பக்கம் எஸ்டேட் ரோட்டுச் செம்மண் காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக் கழுவியதும் ஆட்டத்தில் பாதி போனது, மீதி பேலன்சிங்கில் போனது. மழைக்காலம் முடிந்ததும் ரிம்மின் உள்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாமல் யாரும் பேலன்சிங்குக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஸ்டியரிங் சுத்தமானது. தீபாவளிக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மேலே வந்தபோது அரவை மில் அப்படியே ஓடியது.

அடுத்தது இன்ஜினைத் தாங்கும் ரப்பர், இன்ஜின் மவுன்ட். நின்ற இடத்தில் ஏ.சி. போட்டால் கண்ணாடி படபடக்கும், அதற்கு இரண்டு மவுன்ட் மாற்றினோம், படபடப்பு நின்றது. மார்கழிக் காலையில் முதல் இரண்டு நிமிடம் வண்டி நொண்டியடிக்கும், அதற்குக் குளிரில் டீசல் பற்றச் சூடு கொடுக்கும் குளோ பிளக் ஒன்று. பிறகு பிரேக். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினோம், 36 கொண்டை ஊசி வளைவு. இரண்டாம் கியரில்தான் வந்தேன், இருந்தும் கீழே சேரும்போது பிரேக் மிதித்தால் பெடல் காலை உதைத்தது. சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் கொடுத்துக் கடைந்து மாட்டினார்கள். அதுவும் சரியானது.

ஆக 2023 முடிவதற்குள் நான்கு வேலை, இருபத்தேழாயிரத்துச் சொச்சம் ரூபாய். நான்குமே உண்மையான கோளாறுகள், ஒன்றுகூட ஏமாற்று வேலை இல்லை. ஆனால் பெரியம்மா கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தோம், "வண்டி ஆடுது" என்று. மெக்கானிக்கிடமும் அதையேதான் சொன்னோம். அவரும் ஒவ்வொரு முறையும் ஆடுகிற ஏதோ ஒன்றைப் பிடித்துச் சரிசெய்து கொடுத்தார்.

இதில் மலைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்காரர் வண்டியை ஓட்டிப் பார்ப்பது சமவெளியில், தனியாக, காலி வண்டியாக. "ஒண்ணுமே இல்லையே டீச்சர்" என்று திரும்பி வருவார். கோத்தகிரி மெக்கானிக் ஷெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை போய் வருவார். ஏழு பேரோடு, மூன்றாம் கியரில், மேடு ஏறி யாருமே பார்க்கவில்லை. நடுக்கமோ அங்கே மட்டும்தான் வந்தது.

நான் பள்ளியில் பிசிக்ஸ் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு அதிர்வெண் சொல்லிக் கொடுக்கிறவள் சொந்த வண்டியில் அதை எண்ணிப் பார்க்க ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டேன் என்பது வெட்கம்தான். 2024 பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, அதிர்வை அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு, போனைப் பெரியம்மா காலடியில் தரையோடு டேப் ஒட்டி வைத்தோம். அக்கா மகன் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். வேகத்தை முடிந்தவரை 36-இல் நிறுத்தினேன். 36 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குச் சரியாக 10 மீட்டர், மனக்கணக்குக்கு வசதி.

டயர் 205/65 ஆர் 15, சுற்றளவு இரண்டு மீட்டரை ஒட்டி வரும். அப்படியானால் சக்கரம் விநாடிக்கு 5 சுற்று. டயரிலோ ரிம்மிலோ கோளாறு இருந்தால் போனில் ஓடும் வரைபடத்தில் 5-க்குப் பக்கத்தில் ஒரு முகடு தெரிய வேண்டும். பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல், அதன் விகிதம் என் வண்டியில் கிட்டத்தட்ட நான்குக்கு ஒன்று, ஆகவே கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரப்பல்லர் ஷாஃப்ட் விநாடிக்கு 20 சுற்று. அந்த ஷாஃப்டே பேலன்ஸ் இல்லாமல் இருந்தால் 20. அதைக் கோணலாக நின்றும் சுற்றவிடும் மூட்டான கிராஸ் ஜாயின்ட்டில் வம்பு என்றால், ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதைக்கும், 40. இன்ஜின் வெடிப்பு மூன்றாம் கியரில் 55-ஐ ஒட்டி வரும். நாலு சிலிண்டர் என்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு.

போனில் 40-க்குப் பக்கத்தில் பனைமரம் மாதிரி ஒன்று நின்றது. மற்ற இடங்களில் புல்.

இரண்டாம் கியருக்கு மாற்றி அதே 36-இல் ஓட்டினேன். இன்ஜின் கத்தியது, பனைமரம் இடம் நகரவில்லை. அப்படியானால் இன்ஜின் இல்லை. பின்னால் யாரும் வராத இடத்தில் ஒரு விநாடி கிளட்ச்சை மிதித்தேன், மரம் பாதியாகக் குறைந்தது. அப்படியானால் இழுவை ஏறும்போதுதான் வருகிறது. ஆப் இல்லாமலும் இந்த இரண்டு சோதனையை யாரும் செய்யலாம், பின்சீட்டில் காலுணர்வுள்ள ஒருவர் இருந்தால் போதும்.

பழைய லாரிகளுக்கு ஜாயின்ட் பார்க்கும் ஒருவர் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார் என்று சொன்னார்கள், அங்கே போனேன். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படுத்தபடியே கேட்டார்: "கிளட்ச் எப்பங்க மாத்துனீங்க?"

டேஷ்போர்டில் பில் இருந்தது. 2022 ஜூன். பெரியம்மா மில்லைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பு.

"கழட்டறப்ப மார்க் போடாம கழட்டி, தோணின மாதிரி சொருகிட்டாங்க டீச்சர். ரெண்டு காதும் ஒரே பக்கம் பாக்கணும். இது ஒண்ணு கெழக்க பாக்குது, ஒண்ணு தெக்க பாக்குது."

கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் இந்த மாதிரி வண்டியில் புரப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றியே ஆக வேண்டும். என் வண்டியில் அது இரண்டு துண்டு, பல் வைத்த இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று சொருகும். கிராஸ் ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. கோணலாக நிற்கும்போது, இந்தப் பக்கம் சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அடுத்த ஜாயின்ட் அந்த ஏற்ற இறக்கத்தை நேர்செய்துவிடும், ஆனால் இரண்டின் கவைகளும், அதாவது அவர் சொன்ன காதுகளும், ஒரே வாக்கில் நிற்க வேண்டும். பல் மாற்றிச் சொருகினால் நேர்செய்வதற்குப் பதிலாக இன்னும் கூட்டிவிடும். கோணம் அதிகமானால் உதையும் அதிகம். ஏழு பேர் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து கோணம் மாறும், மேடு ஏறும்போது இழுவையும் சேரும். காலி வண்டியில் சமவெளியில் ஓட்டினவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஒன்றரை வருடம் இப்படி உதைத்ததில் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரும் கிழிந்து தொங்கியது.

கவைகளை நேராக்கி, சென்டர் பேரிங்கும் இரண்டு கிராஸும் புதிதாகப் போட்டு, கூலியோடு 6,400 ரூபாய். அரை நாள் வேலை. பழைய ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்.

சரியாகிவிட்டதா என்று காலி வண்டியில் பார்த்துப் பயனில்லை. தெரிந்த மேட்டுப்பாளையம் மண்டிக்காரரிடம் 45 கிலோ உருளைக்கிழங்கு மூட்டை ஆறு கடன் வாங்கிப் பின்னால் அடுக்கினேன். மலையிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கை மலைக்கே திருப்பி ஏற்றிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். குஞ்சப்பனை மேட்டில் போனில் 40-க்குப் பக்கத்தில் புல் மட்டும்தான் இருந்தது.

அந்த நவம்பரில் 15 வருடம் முடிந்தது. எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தோம். நடுக்கம் தீராமல் இருந்திருந்தால் விற்றிருப்போம், அதுவும் அடிமாட்டு விலைக்கு. அதற்குப் பிறகு சீசன் கூட்டத்தில் பர்லியார் வழி ஏறியதும் கோத்தகிரி வழி இறங்கியதுமாக நிறைய ஓட்டியாயிற்று. டர்போ கொஞ்சம் விசிலடிக்கிறது, மூன்றாம் வரிசை சீட்டின் கம்பி கிறீச்சிடுகிறது, மைலேஜ் மலையில் லிட்டருக்குப் பத்தைத் தாண்டுவதில்லை. இருக்கட்டும்.

ஷாஃப்டில் அவர் வெள்ளைப் பெயின்டால் போட்டுக் கொடுத்த கோடு ஒரே மழைக்காலத்தில் மங்கிவிட்டது. போன மாதம் கியர்பாக்ஸ் ஆயில் சீல் மாற்றப் போனபோது, பையன் அடியில் நுழைவதற்கு முன் நானே குனிந்து, அக்கா மகளின் சிவப்பு நகப்பூச்சால் இரண்டு துண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிட்டேன். "இது என்னங்க டீச்சர்?" என்றான். கழட்டினால் இது ஒரே கோடாகச் சேருகிற மாதிரி திருப்பி மாட்டு என்றேன். அவன் நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தான்.